பதினான்கு நாள் கூரை இல்லை

அந்த மார்ச் மாதம் நாடு முழுவதும் மறைந்திருக்கும் சேமிப்புகளைத் தேடிக்கொண்டிருந்தது. மேலிடத்து உத்தரவு. ஒவ்வொரு நிறுவனமும் தன் வேலைக்குள் பயன்படாமல் ஒளிந்து கிடக்கும் பங்கு ஒன்றைக் கண்டுபிடித்து மாதக் கடைசிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ரொட்டி ஆலை தரையில் சிந்தும் மாவில் கண்டுபிடித்தது. பேருந்துப் பணிமனை பழைய டயர்களில் கண்டுபிடித்தது. கமென் ரிட் குன்றின் மேலிருந்த அயனி மண்டல நிலையத்தில் மாவும் இல்லை, டயரும் இல்லை. இருந்தது வானம் மட்டும்தான். ஆகவே தலைமைப் பொறியாளர் பாருஷெவ் வானத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"பதினஞ்சு சதவீதம்!" என்றார். கையில் கப்பல்களுக்கான அலைவரிசை அட்டவணை. "தோழர் தெமெனுகா, இத்தனை வருஷமா பதினஞ்சு சதவீதத்தை நாம தொடவே இல்ல. சும்மா கிடக்குது."

தெமெனுகா ஒளிப்படச் சுருளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எது சும்மா கிடக்குது, தோழர் பொறியாளர்?"

"உச்ச அதிர்வெண் பதினேழுன்னு நீங்களே கணக்குப் போட்டிருக்கீங்க. வேலை செய்யற அதிர்வெண்ணா பதினாலரையத்தான் கொடுக்கறீங்க. நடுவுல இருக்கிற ரெண்டரை யாரோடது?"

யாருடையதும் இல்லை என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. பத்தொன்பது வருடமாக அந்த இருட்டறையில் உட்கார்ந்து அவள் பார்த்துவருவது அதைத்தான். வாசலில் நிற்கும் கம்பத்திலிருந்து கால் மணிக்கொரு முறை வானொலி அலைகள் நேர் மேலே போகும். தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். மேலே மின்னேறிய காற்றின் அடுக்கு ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பும். ஓர் இடம் வரைக்கும்தான். அதற்கு மேல் அடுக்கால் தாங்க முடியாது. அலை துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும், திரும்பாது. அந்த விளிம்புதான் மாறுநிலை அதிர்வெண். சுருளில் அது மேல்நோக்கி வளையும் ஒரு கோடாகத் தெரியும். ஒன்றல்ல, இரண்டு கோடுகள், பக்கத்தில் பக்கத்தில். பூமியின் காந்தம் அலையை இரண்டாகப் பிரிக்கிறது. இடதுபக்கக் கோட்டைத்தான் படிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் தன் கணவன் ஸ்தாமெனை ஒருமுறை அறைக்குள் அழைத்து வந்து காட்டினாள். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கும் ரெண்டாத்தான் தெரியுது தெமே, ஆனா சத்தியமா இன்னிக்கு நான் பாட்டிலைத் தொடல" என்றான். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வந்த வருடங்களில் அந்த நகைச்சுவையில் சிரிக்க எதுவும் மிஞ்சவில்லை. விவாகரத்தாகி ஆறு வருடம்.

நேர் மேலே போகும் அலைக்கு ஆறு மெகாஹெர்ட்ஸ் எல்லை என்றால், தூரத்துக் கப்பலை நோக்கிச் சாய்வாகப் போகும் அலையை அதே அடுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வரை திருப்பும். அந்த மூன்று மடங்குதான் உச்ச அதிர்வெண். ஆனால் வானம் தினமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முப்பது நாள் அளவுகளை வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்பதை எடுத்து அட்டவணையில் எழுதுகிறார்கள். நடுவில் நிற்பது என்றாலே பாதி நாள் அதற்குக் கீழே என்றுதான் அர்த்தம். அதனால்தான் பதினைந்து சதவீதம் இறங்கி வேலை செய்வது. ரொம்பவும் இறங்கக் கூடாது. இறங்கினால் பகலில் கீழடுக்கு அலையை விழுங்கிவிடும். உலகத்தில் எல்லா நிலையமும் செய்வது இவ்வளவுதான்.

"அது உச்சம் இல்ல, தோழர் பொறியாளர். நடு எண். பாதி நாள் அது அங்க இருக்காது."

"பேர்லயே உச்சம்னு இருக்கு."

"பேர்ல இருக்கு."

"அப்புறம் என்ன? உச்சம்னா அதுவரைக்கும் போகலாம்னுதானே? சாலையில அறுபதுன்னு பலகை வெச்சா அம்பத்தொண்ணுலயா ஓட்டறீங்க?"

அவருக்கு முப்பத்தெட்டு வயதில் இந்த வேலை கிடைத்தது, மாமனார் வழியாக. அதற்கு முன் குளிர்பதனக் கிடங்கு ஒன்றை நிர்வகித்தார். கிடங்குக் கதவுகள் மாதிரியே பேசுவார், கனமாக, இறுக்கமாக, உள்ளே என்ன கெட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல். தெமெனுகா அவரைப் பார்த்தாள். சட்டைப் பையில் நான்கு பேனாக்கள். இந்த மனிதருக்கு நடு எண் என்றால் என்ன என்று விளக்க உட்கார்ந்தால் தன் நாக்குக்கே அவமானம் என்று தோன்றியது. அந்த எண்ணம் அவளுக்கு இதமாகக்கூட இருந்தது. அதையும் அவள் கவனித்தாள். தன்னைக் கவனிப்பதில் அவள் கெட்டிக்காரி. கவனித்ததை வைத்து ஏதாவது செய்வதில்தான் சோம்பல்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தைக் காட்டினார். போட்டாள்.

ஏப்ரல் அட்டவணை புதிய முறைப்படி போனது. மே தினத்துக்கு முன்னால் பாருஷெவுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. வரவேற்பறைப் பலகையில் அவர் படம் ஏறியது. பாராட்டுப் பத்திரத்தில் "வானத்தின் பயன்படுத்தப்படாத பகுதிகளை உற்பத்திக்குக் கொண்டுவந்தமைக்காக" என்று அச்சடித்திருந்தார்கள். தெமெனுகா அதை மூன்று முறை படித்தாள். ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஒரு சுகம்.

மே முதல் வாரம் பக்கத்து அறை நெவியானா கையில் பனீட்சா என்ற பாலாடைக்கட்டி அடையின் துண்டோடு வந்து நின்றாள். நிலையத்தில் கடிதங்களைப் பதிவு செய்பவள் அவள். உலகத்தில் நடப்பதெல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகும்.

"தெமா, உன் ஆளு மாட்டிக்கிட்டான்டி."

"எனக்கு ஆளு கிடையாது."

"சரி, பழைய ஆளு. பெலி நோஸ் கடலோர வானொலி நிலையத்துல விசாரணையாம். ஏப்ரல்ல காலை ஏழு மணித் தொடர்பு பதினாலு நாள் விட்டுப்போச்சு. 'சினிகர்' கப்பல் ஆப்பிரிக்கா பக்கத்துல மீன் பிடிச்சிட்டிருக்கு, இவன் இங்கேர்ந்து கூப்பிடவே இல்லையாம். அதுல ஒரு நாள் மாலுமி ஒருத்தனுக்குக் கை வலை இழுக்கிற வின்ச்ல மாட்டி நசுங்கி, என்ன பண்றதுன்னு கேக்க ரேடியோவுல டாக்டரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காங்க. பத்து மணிக்குத்தான் லைன் கிடைச்சுது. ரெண்டு விரல் போச்சு."

தெமெனுகா பென்சிலைக் கீழே வைத்தாள். "குடிச்சிருப்பான்" என்றாள்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. விட்டுட்டேன்னு சொன்னானே, மூணு வருஷமா?"

"எங்கிட்ட பதினோரு தடவை சொல்லியிருக்கான். நான் எண்ணி வெச்சிருக்கேன்."

"வேலை போயிடும்டி. அம்பத்தொண்ணு வயசுல வேற எங்க போவான்? துறைமுகத்துல மூட்டை தூக்கவா?" நெவியானா விரலை நக்கிக்கொண்டாள். "பதிவேட்டுல என்ன எழுதியிருக்கான் தெரியுமா? பதினாலு நாளும் 'கூரை இல்லை'ன்னு. வேற ஒரு வார்த்தை கிடையாது. கமிஷன்காரங்க பார்த்துட்டு மராமத்துப் பிரிவுலேர்ந்து ஆளை அனுப்பி நிலையத்துக் கூரையைச் சோதிச்சிருக்காங்க. ஏணி வெச்சு ஏறிப் பார்த்தானாம். ஒரு ஓடுகூட உடையலன்னு அறிக்கை. 'கூரை நல்ல நிலையில் உள்ளது'ன்னு முத்திரையோட வந்திருக்கு. நான்தான் நகல் பதிவு பண்ணினேன்!"

நெவியானா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெமெனுகா சிரிக்கவில்லை. கூரை என்பது வானொலி இயக்குபவர்களின் பேச்சு. மேலடுக்கு அலையைத் திருப்பி அனுப்பினால் கூரை இருக்கிறது. விட்டுவிட்டால் கூரை இல்லை. ஸ்தாமென் வீட்டில் சாப்பிடும்போதுகூட அப்படித்தான் சொல்வான்.

மறுநாள் பாருஷெவ் அவளிடம் ஒரு கோப்பைக் கொடுத்தார். கமிஷன் கேட்டிருந்தது: ஏப்ரலில் குறிப்பிட்ட பதினான்கு நாட்களிலும் வானம் இயல்பாக இருந்ததா என்று நிலையம் சான்று அளிக்க வேண்டும். ஸ்தாமெனின் பதிவேட்டு நகலும் உள்ளே இருந்தது.

"இயல்பா இருந்துதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. புதன்கிழமை விசாரணை."

அந்தக் கையெழுத்தை அவள் ஆறு வருடம் கழித்துப் பார்க்கிறாள். சாய்ந்த, நெருக்கமான எழுத்து. தேதி, நேரம், அழைத்த அதிர்வெண், கடைசியில் அந்த இரண்டு வார்த்தை. கை நடுங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் தேடினாள். நடுக்கம் இல்லை. ஏமாற்றமாக இருந்தது. ஏமாற்றம் என்று தெரிந்ததும் முகம் சுட்டது.

ஏப்ரல் மாதத் தாளை எடுத்தாள். அவளே பென்சிலால் நிரப்பியது. இன்னும் மை போட்டு அனுப்பவில்லை. காலை ஏழு மணிக் கட்டத்தில் முப்பது எண்கள். ஒவ்வொன்றையும் பெருக்கிப் பார்த்தாள். அட்டவணை பதினேழு என்று சொன்னது. ஸ்தாமென் அதன்படி பதினாறு மெகாஹெர்ட்ஸ் பட்டையின் மேல் விளிம்பில், பதினேழை ஒட்டி அழைத்திருக்கிறான். பதினைந்து நாள் வானம் பதினேழுக்குக் கீழே. அதில் இரண்டு நாள் ஒரு மயிரிழைதான் கீழே, அன்றைக்குத் தொடர்பு கிடைத்திருக்கிறது. மிச்சம் பதிமூன்று நாள்.

மூன்றாம் தேதி, கூரை இல்லை. தாளிலும் இல்லை. நாலு, இல்லை. ஏழு, இல்லை. எட்டு. பதினொன்று. விரல் நசுங்கிய பதினாறாம் தேதி வானம் பதினான்கு புள்ளி எட்டுக்கு இறங்கியிருந்தது. பழைய கணக்கின் பதினாலரைக்குக் கீழே கப்பல்களுக்கு உள்ள பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அழைத்திருந்தால் மணி போல் கேட்டிருக்கும். அவன் பன்னிரண்டிலும் அழைத்துப் பார்த்திருக்கிறான், ஓரத்தில் குறிப்பு இருந்தது. ஆனால் கப்பலிலும் அதே அட்டவணைதானே? அவர்கள் பதினாறில் காதை வைத்துக்கொண்டு, இவன் பன்னிரண்டில் கத்தியிருக்கிறான்.

அவள் தாளின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடித்தவன் ஒருவனால் பதிமூன்று நாள் இப்படி வானத்தோடு ஒத்துப்போக முடியாது. இந்தப் பதிவேடு அவளுடைய கருவியைப் போலவே சரியாக இருந்தது. ஒரு விளக்கெண்ணெய் மனிதனிடம் வாதாடுவது தன் தகுதிக்குக் குறைவு என்று போட்ட ஒரு கையெழுத்து, ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவனின் கையில் போய் முடிந்திருக்கிறது. அந்த விரல்கள் எப்படியும் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல அவளிடம் எந்தச் சுருளும் இல்லை.

பிறகுதான் இருபத்தைந்தாம் தேதி கண்ணில் பட்டது. பதிவேட்டில் 'கூரை இல்லை.' தாளில் பதினெட்டு புள்ளி நான்கு. சுருளை எடுத்து மறுபடி பார்த்தாள். தெளிவான கோடு, மாதத்திலேயே நல்ல காலைகளில் ஒன்று. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டர்.

ஆக, ஒரு நாள் பொய் சொல்லியிருக்கிறான். முந்தின நாள் இரவு யார் வீட்டிலோ பண்டிகைக்குச் சிவப்புச் சாயமிட்ட முட்டையும் ராக்கியாச் சாராயமுமாகக் கழிந்திருக்கும். அவளுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தது. அப்பாடா, அவன் அவனாகவே இருக்கிறான்.

ஆனால் கமிஷன் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளும். பதிமூன்று உண்மையையும் ஒரு பொய் சாப்பிட்டுவிடும்.

பாருஷெவிடம் போனாள்.

"தோழர் பொறியாளர், இவன் சொன்னது சரி. அட்டவணைதான் தப்பு."

அவர் கதவைச் சாத்தினார். "வானம் இயல்பா இருந்துதா இல்லையா?"

"இயல்பாத்தான் இருந்துது. பாதி நாள் நடு எண்ணுக்குக் கீழ இருக்கிறதுதான் இயல்பு."

"அப்ப அதையே எழுதுங்க. இயல்பா இருந்தது. உண்மையைத்தானே எழுதச் சொல்றேன்?"

ஒரு கணம் அவரை அவள் வியந்துகூடப் பார்த்தாள். ஒரு பொய்யும் சொல்லாமல் ஒரு மனிதனைத் தெருவில் நிறுத்தக்கூடிய வாக்கியத்தை, நான்கு பேனாக்களில் ஒன்றைக்கூடத் திறக்காமல் உருவாக்கிவிட்டார்.

"அவன் உங்க முன்னாள் கணவன். எனக்குத் தெரியும்" என்றார் தணிந்த குரலில். "அட்டவணையில இருக்கிறது உங்க கையெழுத்து. அதுவும் தெரியும். நல்லா யோசிங்க."

"யோசிச்சுட்டேன். நேர்ல வந்து சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நெவியானா சாப்பிடப் போனதும், தெமெனுகா அழிப்பானை எடுத்தாள். இருபத்தைந்தாம் தேதிக் கட்டத்தில் இருந்த எண்ணை அழித்தாள். அளவு கிடைக்காத நாளுக்கு எண்ணுக்குப் பதில் எழுத்துப் போடுவது தொழில் வழக்கம். கருவி கோளாறென்றால் 'சி'. பத்தொன்பது வருடத்தில் சங்கடமான காலைகள் எத்தனையோ வந்திருக்கின்றன, தேய்ந்த கோடுகள், பரவிய கோடுகள். ஒரு நாளும் அவள் ஊகித்து எழுதியதில்லை. தன்னிடம் சுத்தமாக இருப்பது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். 'சி' என்று எழுதினாள். தாள் அந்த இடத்தில் கொஞ்சம் மெலிந்து போயிருந்தது. அவன்மீது அன்பால் செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எப்படியும் குடிகாரன்தான், ஆனால் இந்த முட்டாள்களிடம் தோற்க வேண்டாம், அவ்வளவுதான்.

விசாரணை பெலி நோஸ் நிலையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. காலை பதினொரு மணி. சமையலறையிலிருந்து முட்டைக்கோஸ் வாடை. மீன்பிடி நிறுவனத்திலிருந்து வந்திருந்த சோனெவ் தலைமை. ஸ்தாமென் ஓரத்து நாற்காலியில், சலவைச் சட்டையில், தொப்பியை முழங்கால் மேல் வைத்து உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் புருவத்தை மட்டும் உயர்த்தினான்.

சோனெவ் அறிக்கையைப் படித்தார். "நிலையத்தின் கூரை நல்ல நிலையில் உள்ளது. ஓடுகள் முழுமையாக உள்ளன. மழைநீர்க் குழாயில் மட்டும் சிறு துரு." கண்ணாடியைக் கழற்றினார். "தோழர் ஸ்தாமென், இதுக்கு என்ன சொல்றீங்க?"

"குழாய்க்கு வர்ணம் அடிக்கணும்" என்றான் ஸ்தாமென்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"கிண்டல் வேண்டாம். கூரையை ஏன் இல்லைன்னு எழுதினீங்க?"

"இல்லாததால எழுதினேன், தோழரே. முப்பது வருஷமா அப்படித்தான் எழுதறோம். இதுவரைக்கும் யாரும் ஏணி கொண்டு வந்ததில்ல."

தெமெனுகா எழுந்தாள். குரல் தான் நினைத்ததைவிட உயரமாக வந்தது. கூரை என்றால் என்ன என்று சொன்னாள். அட்டவணையை விரித்தாள். பதினேழு என்பது எல்லை அல்ல, நடு எண் என்றாள். "இந்த ரூம்ல இருக்கிற எல்லாரையும் உயரப்படி நிக்க வெச்சு நடுவுல இருக்கிறவர் உயரத்துக்குக் கதவு வெச்சா என்ன ஆகும்? பாதிப் பேர் தலை இடிக்கும். அப்புறம் 'இவங்க குடிச்சிட்டு வந்து இடிச்சிக்கிட்டாங்க'ன்னு விசாரணை வைப்பீங்களா?"

இப்போது சிரிப்பு நன்றாகவே எழுந்தது. பாருஷெவ் சிரிக்கவில்லை. சோனெவ் கூடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "பதினாலு நாளும் ஒத்துப்போகுதா?" என்றார்.

"பதிமூணு."

"பதினாலாவது?"

"இருபத்தஞ்சாம் தேதி அளவு இல்ல. கருவிக் கோளாறு." தாளை நீட்டினாள். ஸ்தாமென் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

சோனெவ் அட்டவணையின் அடியில் விரலை வைத்தார். "இதைச் சரிபார்த்தது யாரு?"

"நான்."

"தப்புன்னு தெரிஞ்சேவா?"

"தெரியும்."

"அப்ப எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

பயந்துபோய் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் புரிந்துகொண்டு தலையாட்டியிருப்பார்கள். வாய்வரை வந்தும் விட்டது. ஆனால் அன்றைக்கு ஒரு பொய்யே போதும் என்று இருந்தது. "வாதாடறது எனக்குக் கேவலமாத் தோணிச்சு" என்றாள்.

சோனெவ் அதைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவோடு காத்திருந்தார். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு சின்னது என்று அவளுக்கே தெரிந்தது.

அப்போது பாருஷெவ் எழுந்தார். "தோழர்களே" என்றார், கூட்டத்தை அவரே கூட்டியது போல. "எங்க நிலையம் இந்தக் குறையைத் தானே முன்வந்து கண்டுபிடிச்சிருக்கு. இதுக்கு ஒரு தீர்வும் வெச்சிருக்கோம். உச்ச அதிர்வெண்ணை ஒரு திருத்தக் கெழுவால பெருக்கணும். நான் கணக்குப் போட்டுப் பார்த்ததுல பூஜ்யம் புள்ளி எட்டு அஞ்சு சரியா வருது."

"எட்டு அஞ்சா?" சோனெவ் மரியாதையோடு குறித்துக்கொண்டார். "இது புதுசா?"

"எங்க நிலையத்துல பிறந்தது."

தெமெனுகா வாயைத் திறந்தாள். ஸ்தாமென் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தான். மார்ச்சில் பறிபோன பதினைந்து சதவீதம் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது. ஜூன் அட்டவணையில் கப்பல்கள் பன்னிரண்டில் பேசும். யார் பெயரில் வந்தால் என்ன? அவள் வாயை மூடிக்கொண்டாள். இந்த முறை அது வேறு மாதிரி மௌனமாக இருந்தது. மார்ச்சில் இருந்த இதம் இதில் இல்லை.

ஸ்தாமென் வேலையில் நீடிக்கிறான் என்று முடிவானது. மக்களுக்குப் புரியும் மொழியில் பதிவேடு எழுத அறிவுறுத்தல். தெமெனுகாவுக்கு எழுத்துப்பூர்வமான கண்டனம். ஆண்டிறுதியில் பாருஷெவின் கெழு மாவட்ட அளவில் இரண்டாம் இடம் பெற்றது என்பது பின்னால் நெவியானா சொல்லித் தெரிந்தது.

வெளியே வெயில் அடித்தது. பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஸ்தாமென் வந்து நிறுத்தத்துச் சுவரில் சாய்ந்து சிகரெட் பற்ற வைத்தான்.

"கதவுக் கதை நல்லா இருந்துது" என்றான்.

"நன்றி சொல்ல வேண்டாம்."

"சொல்லல. இருபத்தஞ்சாம் தேதி கருவி கெட்டுப்போச்சா?"

அவள் பேருந்து வரும் பக்கம் பார்த்தாள்.

"அன்னிக்குக் காலையில ஆறரைக்கே உட்கார்ந்து கேட்டேன், தெமே. ஆப்பிரிக்கக் கரையோரத்து நிலையமெல்லாம் பதினாறுல பக்கத்து வீடு மாதிரி கேட்டுது. உன் கருவி கெட்டா எனக்கென்ன, எனக்குத்தான் காது இருக்கே. அருமையான காலை."

"அப்ப ஏன் அப்படி எழுதினே?"

"கப்பல்ல பதில் இல்ல. சினிகரோட வானொலிக்காரன் வெலிச்கோ ஈஸ்டர்னு ராத்திரி பூரா முட்டை உடைச்சு, குடிச்சு, தூங்கிட்டான். பத்து மணிக்கு எழுந்து அழறான், அண்ணே என்னை மாட்டி விட்டுடாதீங்க, பொண்டாட்டி பிரசவத்துக்கு இருக்கான்னு. பதிமூணு நாள் வானம்தான் காரணம்னு எழுதியாச்சு. இன்னொரு நாளையும் வானத்து மேல போட்டேன். வானம் வந்து மறுக்கப்போகுதா?" புகையை விட்டான். "வானத்துக்குச் சாட்சி சொல்ல நீ ஒருத்தி இருக்கேன்னு மறந்துட்டேன்."

ஆக, அதுவும் இல்லை. ஒருவனைக் குடிகாரன் என்றே நம்பி, அந்த நம்பிக்கையின் பேரில்தான் அவள் தன் தாளைக் கெடுத்திருக்கிறாள். தோழனைக் காப்பாற்ற அவன் பொய் எழுதினான். அவனை இகழ்ந்துகொண்டே அவள் எழுதினாள். இரண்டும் ஒரே கட்டத்தில்தான் இருந்தன. ஏளனம் தன் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். பாருஷெவின் நான்கு பேனாக்களை எண்ணியவளுக்கு, முன்னால் நிற்பவன் குடியை விட்டு மூன்று வருடமாகிறது என்பதை ஒருமுறைகூட நம்பத் தோன்றவில்லை.

"நீ குடிச்சிருப்பேன்னு நினைச்சேன்" என்றாள்.

"தெரியும். உன் மூஞ்சியிலயே இருந்துது, எழுந்து பேசும்போதுகூட." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நினைச்சும் வந்தியே."

பேருந்து திருப்பத்தில் தெரிந்தது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். ஸ்தாமென் சிகரெட்டைக் காலால் அணைத்தான்.

"உண்மையில எவ்வளவு இருந்துது அன்னிக்கு?" என்று கேட்டான், தொழில்காரன் தொழில்காரியிடம் கேட்பதுபோல.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை.

"பதினெட்டு புள்ளி நாலு."

"அடேயப்பா" என்றான். "ஏப்ரல்லயா? அவ்வளவு நல்ல வானத்தை ஒருத்தரும் உபயோகிக்கல பாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பேருந்தின் கதவு திறந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் அது அடங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரி தன் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டு இவளைச் சந்தேகமாகப் பார்த்தாள், பட்டப்பகலிலேயே குடித்துவிட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல.